முதுமைக்கு மலேசியாவா, அமீரகமா?

(அறக்கட்டளையின் குடும்ப வழிகாட்டுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



அன்புச் சகோதரர்களே, திரைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, சகோதரிகளே,

சில ஆண்டுகளுக்கு முன்வரை நம் அறக்கட்டளைக்கு வருகிறவர்கள் கேட்டது வேலைக்குப் போவதைப் பற்றி. ஏஜெண்ட் நம்பகமானவரா, விசா சரியானதா, சம்பள ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று காகிதத்தை நீட்டுவார்கள். இப்போது அதே மனிதர்கள், நரைத்த தாடியோடு, வேறொரு கேள்வியோடு வருகிறார்கள். "முப்பது வருஷம் சபுர்ல கழிச்சாச்சு. பிள்ளைகள் எல்லாம் வெளியே. இனி மிச்ச காலத்தை எங்கே வைத்துக்கொள்வது?" என்று கேட்கிறார்கள். கேட்பவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டு நாடுகள்தான் மனதில் இருக்கின்றன: ஒன்று ஐக்கிய அரபு அமீரகம், இன்னொன்று மலேசியா. அந்த இரண்டைப் பற்றி மட்டும் இன்று பேசுவோம். கனடா, ஆஸ்திரேலியா பற்றிக் கேட்க வந்தவர்கள் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். இந்த இரு நாடுகளும் முதியவர்களுக்குத் தருவது தங்கும் அனுமதி. குடியுரிமையும் இல்லை, நிரந்தர வசிப்புரிமையும் இல்லை. இந்தியப் பாஸ்போர்ட்டோடு போவோம், அதே பாஸ்போர்ட்டோடு அங்கே வாழ்வோம், காலக்கெடு முடியும்போது மறுபடி விண்ணப்பிப்போம். 60 வயதில் ஐந்தாண்டு அனுமதி வாங்குகிறவர் 65-லும் 70-லும் 75-லும் அதே கவுண்டர் முன் போய் நிற்க வேண்டும். அப்போது கையில் அதே அளவு பணம் இருக்குமா, உடம்பு மருத்துவப் பரிசோதனையில் தேறுமா என்பதையும் இப்போதே நினைத்துப் பார்க்க வேண்டும்.

இனி வாசல்களின் விலையைப் பார்ப்போம்.

அமீரகத்தில் ஓய்வு பெற்றவர்களுக்கென்று ஐந்தாண்டு விசா இருக்கிறது. துபாய் 2020-ல் தொடங்கியது. பிறகு நாடு முழுவதற்குமான விதியாக வந்தது. 55 வயது ஆகியிருக்க வேண்டும், அல்லது உள்நாட்டிலோ வெளிநாட்டிலோ 15 ஆண்டுகள் வேலை பார்த்திருக்க வேண்டும். அதோடு மூன்றில் ஒன்று வேண்டும்: 10 லட்சம் திர்ஹம் மதிப்புள்ள சொத்து, அல்லது 10 லட்சம் திர்ஹம் சேமிப்பு, அல்லது மாதம் 20,000 திர்ஹம் வருமானம். துபாயில் அந்த வருமான வரம்பு 15,000. திர்ஹமுக்கு 23 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் பார்த்தால் 10 லட்சம் திர்ஹம் என்பது 2 கோடியே 30 லட்சம் ரூபாய். 15,000 திர்ஹம் என்பது மாதம் 3 லட்சத்து 45 ஆயிரம். ஊரில் இரண்டு கடை வாடகையும் ஒரு சிறு பென்ஷனும் வருகிறவர் இந்தக் கணக்குக்குள் வரமாட்டார்.

மலேசியாவில் இதற்கென்று 2002 முதல் நடப்பது 'மலேசியா எனது இரண்டாவது இல்லம்' திட்டம். 2024 ஜூனில் மாற்றப்பட்ட விதிப்படி அதில் வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று மூன்று முக்கியப் படிகள். வெள்ளிக்கு 1,50,000 அமெரிக்க டாலர் வைப்புத்தொகை, ஐந்தாண்டு அனுமதி. தங்கத்துக்கு 5 லட்சம் டாலர், 15 ஆண்டு. பிளாட்டினத்துக்கு 10 லட்சம் டாலர், 20 ஆண்டு. இதோடு முடியவில்லை. அங்கே ஒரு வீடும் வாங்க வேண்டும். வெள்ளிப் படிக்குக் குறைந்தது 6 லட்சம் ரிங்கிட். சில மாநிலங்களில் வெளிநாட்டவர் வாங்கக்கூடிய குறைந்தபட்ச விலை அதைவிட உயர்வு. வாங்கிய வீட்டைப் பத்தாண்டுக்கு விற்க முடியாது. கூடுதல் விலையுள்ள வீட்டுக்கு மாறுவதானால்தான் விலக்கு. ஜொகூரில் உள்ள ஃபாரஸ்ட் சிட்டி பகுதிக்கு வைப்புத்தொகை குறைவான தனிப் படி ஒன்றும் உண்டு. ஆனால் வைப்புத்தொகை மலிவு என்பதற்காக, உறவும் சிநேகமும் இல்லாத ஓரிடத்தில் போய் முதுமையைக் கழிக்கச் சொல்லி நாங்கள் யாருக்கும் யோசனை சொல்லமாட்டோம்.

டாலருக்கு 85 ரூபாய், ரிங்கிட்டுக்கு 20 ரூபாய் என்று வைத்தால் வெள்ளிப் படிக்கு வைப்புத்தொகை 1 கோடியே 27 லட்சத்து 50 ஆயிரம், வீடு 1 கோடியே 20 லட்சம். ஆக மொத்தம் 2 கோடியே 47 லட்சத்து 50 ஆயிரம். பார்த்தீர்களா, இரண்டு வாசலுக்கும் விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். "மலேசியா மலிவு" என்று நம் ஊரில் பேசிக்கொள்வது பழைய கதை. அங்கே அன்றாடச் செலவு குறைவு என்பது உண்மை. உள்ளே நுழையும் செலவு அப்படி இல்லை.

அந்தப் பழைய கதையையும் கொஞ்சம் கேளுங்கள், அதில் நமக்குப் பாடம் இருக்கிறது. 2021-க்கு முன் 50 வயது கடந்தவர் ஒன்றரை லட்சம் ரிங்கிட் வைப்புத்தொகையும் மாதம் 10,000 ரிங்கிட் வருமானமும் காட்டினால் பத்தாண்டு அனுமதி கிடைத்தது. 2020-ல் திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. 2021-ல் மீண்டும் திறந்தபோது வைப்புத்தொகை 10 லட்சம் ரிங்கிட், மாத வருமானம் 40,000 ரிங்கிட் என்றார்கள். ஏற்கெனவே அங்கே குடியிருந்த முதியவர்களுக்கும் இது பொருந்தும் என்று முதலில் செய்தி வந்ததும் அவர்கள் பட்ட கலக்கம் கொஞ்சமல்ல. பிறகு பழையவர்களுக்கு விலக்குக் கொடுத்தார்கள். 2024-ல் மறுபடி எல்லாம் மாறியது. ஒரே திட்டம் நான்கு ஆண்டுகளுக்குள் இத்தனை முறை மாறியிருக்கிறது. அமீரகத்திலும் விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன. இன்று நாங்கள் சொல்லும் தொகைகளைக்கூட விண்ணப்பிக்கும் நாளில் அந்தந்த அரசின் அதிகாரபூர்வ தளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஏஜெண்டின் வாட்ஸ்அப் படத்தை ஆதாரமாக எடுக்காதீர்கள்.

பணத்தை எடுத்துச் செல்வதிலும் ஒரு வரம்பு உண்டு. ஊர் திரும்பி இந்தியாவில் வசிப்பவராகிவிட்ட ஒருவர் நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரைதான் வெளிநாட்டுக்கு அனுப்பலாம். கணவன், மனைவி தனித்தனியாக அனுப்பலாம். ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் வரியாகப் பிடித்துக்கொள்ளும். பிறகு வருமான வரிக் கணக்கில் அதைச் சரிசெய்துகொள்ளலாம், ஆனால் அதுவரை அந்தப் பணம் கையில் இருக்காது. இன்னும் சபுரில் இருந்துகொண்டு என்ஆர்இ கணக்கில் பணம் வைத்திருப்பவருக்கு இந்த வரம்பு இல்லை. ஆகவே இந்த யோசனை உள்ளவர்கள் ஊர் திரும்பிய பிறகு முடிவெடுப்பதைவிட, வேலையில் இருக்கும்போதே முடிவெடுப்பது நல்லது.

வைப்புத்தொகையை வட்டிக் கணக்கில்தான் போட வேண்டுமா என்று பலர் தயங்கிக் கேட்கிறார்கள். துபாய் இஸ்லாமிக் பேங்க் 1975-லும் பேங்க் இஸ்லாம் மலேசியா 1983-லும் தொடங்கியவை. இரு நாடுகளிலும் வட்டியில்லா வங்கி முறை வேரூன்றிப் பல காலமாகிறது. அந்தக் கணக்கை விசாவுக்கு ஏற்பார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தத் தொகைக்கு ஜகாத் எப்படி என்பதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, இதெல்லாம் கோடி கணக்கு. இங்கே அமர்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் அந்தக் கணக்குக்குள் வருவோம்? விரல் விட்டு எண்ணிவிடலாம். நம்மில் பெரும்பாலோருக்கு உண்மையில் இருக்கும் வழி வேறு: பிள்ளையின் விசாவில் போய் இருப்பது. மகன் ஷார்ஜாவில், மகள் கோலாலம்பூரில் என்று இருக்கும் பெற்றோர் இந்தப் பகுதியைக் கவனமாகக் கேளுங்கள்.

அமீரகத்தில் நல்ல சம்பளத்தில் இருக்கும் மகன் பெற்றோருக்கு ஸ்பான்சர் செய்யலாம். அது ஓராண்டு ஓராண்டாகப் புதுப்பிக்கும் அனுமதி. மகனின் விசா இரண்டாண்டாக இருந்தாலும் பெற்றோருக்கு ஓராண்டுதான். தாய், தந்தை இருவரையும் சேர்த்தே அழைக்க வேண்டும் என்பதும், ஒருவரை மட்டும் என்றால் காரணத்தைக் காகிதத்தோடு காட்ட வேண்டும் என்பதும் விதி. மலேசியாவில் உயர்நிலை எம்ப்ளாய்மென்ட் பாஸ் வைத்திருக்கும் மகனோ மகளோ பெற்றோரை நீண்டகாலச் சமூக வருகை அனுமதியில் அழைத்துக்கொள்ளலாம். இந்த இரண்டிலும் ஒன்று பொது. பிள்ளையின் வேலை போனால் பெற்றோரின் அனுமதியும் போகும். கொரோனா காலத்தில் வளைகுடாவில் எத்தனை வீடுகள் ஒரே மாதத்தில் காலியாயின என்று நமக்குத் தெரியும். இளைஞன் சட்டி பானையைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவான். டயாலிசிஸில் இருக்கும் அத்தாவை அப்படிக் கிளப்ப முடியுமா?

மருத்துவத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறோம். அபுதாபியிலும் துபாயிலும் மருத்துவக் காப்பீடு முன்பே கட்டாயம். 2025 ஜனவரியிலிருந்து மற்ற எமிரேட்டுகளிலும் கட்டாயம். 65 வயதில், சர்க்கரையும் இருதய ஸ்டென்ட்டும் உள்ளவருக்கு அந்தக் காப்பீட்டின் ஆண்டுக் கட்டணம் என்ன, பழைய நோய்க்கு எவ்வளவு வரை கொடுப்பார்கள் என்று கேட்காமல் விசாவுக்குப் பணம் கட்டாதீர்கள். மலேசியாவில் தனியார் மருத்துவமனைகள் தரமானவை. சுமத்ராவிலிருந்து மக்கள் பினாங்குக்கு வந்து வைத்தியம் பார்த்துப் போவது நெடுநாள் வழக்கம். அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம். உள்ளூர்க்காரர் கட்டும் சில ரிங்கிட் நமக்குச் செல்லாது. எங்கே போனாலும் ஊரில் எடுத்த மருத்துவ பாலிசியை விட்டுவிடாதீர்கள். "அங்கேதான் இருக்கப் போறோமே, இது எதுக்கு" என்று நிறுத்திவிட்டு, மூன்று வருடம் கழித்துத் திரும்பிப் புது பாலிசி எடுத்தால், பழைய நோய்களுக்கு 36 மாதம் வரை காத்திருக்கச் சொல்லலாம். 70 வயதில் 36 மாதம் என்பது நீண்ட காலம்.

இப்போது அன்றாட வாழ்க்கைக்கு வருவோம். இதில்தான் கணவனின் கணக்கும் மனைவியின் கணக்கும் வேறாகிறது.

நம் சபுராளிகளுக்கு அமீரகம் என்றால் கண்ணில் ஓர் ஒளி வரும். டேரா, பர்துபாய், ஷார்ஜா ரோலா என்று சந்து சந்தாகத் தெரியும். ஆனால் அவர்களில் பலர் அங்கே வாழ்ந்தது ஆறு பேர் அறையில், அடுக்குக் கட்டிலில். அந்த நாட்டைத் தொழிலாளியாகத் தெரியும். குடும்பஸ்தராக, முதியவராகத் தெரியாது. அவருடைய மனைவிக்கோ இரண்டுமே தெரியாது. அவர் இந்த முப்பது வருடமும் ஊரில் இருந்தார். மாமியாரைப் பார்த்தார், பிள்ளைகளை வளர்த்தார், கல்யாணங்களைச் செய்து வைத்தார். எதிர் வீட்டில் தங்கை, அடுத்த தெருவில் மாமி. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் வீடே பெண்பிள்ளைக்கு என்று இருப்பதால் அவர் பிறந்த வீட்டைவிட்டு ஒரு நாளும் நகர்ந்ததில்லை. அவரை 56 வயதில் பதினான்காம் மாடியில் கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும்? மகனும் மருமகளும் காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை வெயில் 45 டிகிரியைத் தொடும்; பள்ளிவாசல் கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் லுஹருக்கு ஒரு முதியவர் நடந்து போக முடியாது. பால்கனியில் நின்று ஸலாம் சொல்ல ஒரு முகம் இருக்காது.

மலேசியா இந்த ஒரு விஷயத்தில் நம்மவர்களுக்கு இலகு. வருடம் முழுதும் 30 டிகிரியைச் சுற்றித்தான் வெப்பம். புழுக்கமும் மழையும் உண்டு, ஆனால் காலை நடைக்குத் தடையில்லை. தமிழ் பேசிக் கடையில் சாமான் வாங்கலாம், வானொலியில் மின்னல் எஃப்எம் கேட்கலாம். பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் 1801-ல் நம் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் எழுப்பியது. அங்கே நாகூர் பெயரில் தர்காவும் இருக்கிறது, நாசி கண்டார் கடையும் இருக்கிறது. நம் கடற்கரை ஊர்களில் பலரும் ஷாஃபி மத்ஹப். அங்கேயும் அதுதான் வழக்கம். சுப்ஹில் குனூத் ஓதும் ஜமாஅத்தில் நிற்பது வயதானவருக்கு ஒரு நிம்மதி. தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. திருச்சியிலிருந்து இரண்டுக்கும் ஏறத்தாழ நான்கு மணி நேரம். மலேசியா நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னே, அமீரகம் ஒன்றரை மணி நேரம் பின்னே.

ஆகவே, இரு நாட்டிலும் பிள்ளைகள் இல்லாத, கையில் வசதியுள்ள தம்பதியர் கேட்டால் நாங்கள் மலேசியாவைத்தான் சொல்கிறோம். பிள்ளை அமீரகத்தில் நிலையான வேலையில், குடும்பத்தோடு இருந்தால், வெயிலைப் பொறுத்துக்கொண்டு அமீரகம் போவதுதான் சரி. பேரப்பிள்ளைகள் இல்லாத பினாங்கைவிட அவர்கள் இருக்கும் அஜ்மான் மேல். ஆனால் இந்த யோசனைக்கு மேலே ஒரு கேள்வி இருக்கிறது. அதைக் கேட்காமல் யாருக்கும் நாங்கள் பதில் சொல்வதில்லை.

இருவரில் ஒருவர் வஃபாத்தானால் மற்றவர் எங்கே நிற்பார்?

முகம் சுளிக்காதீர்கள். மவுத்தைப் பற்றிப் பேசுவது நமக்குப் புதிதல்ல. ஆனால் விசாவைப் பற்றிப் பேசும்போது மட்டும் அதை மறந்துவிடுகிறோம். கணவர் பெயரில் விசா, கணவர் பெயரில் வைப்புத்தொகை, கணவர் பெயரில் வீடு, கணவர் கையில் வங்கியின் கைபேசிச் செயலி. மனைவி அவரைச் சார்ந்தவர் என்று ஒரு வரி. நம் வீடுகளில் கணவர் ஆறேழு வயது மூத்தவராக இருப்பது சாதாரணம். ஆகவே தனியாக நிற்கப் போகிறவர் பெரும்பாலும் அந்தத் தாய்தான்.

அமீரகத்தில் கணவர் இறந்ததும் வங்கி அவர் கணக்கை முடக்கும். நீதிமன்றத்தின் வாரிசுச் சான்று வரும்வரை அதிலிருந்து எடுக்க முடியாது. வீட்டு வாடகை, மின்சாரம், மருந்து எதற்கும் அந்தப் பணம் வராது. கணவரின் ஸ்பான்சரில் இருந்த விதவைக்கு ஓராண்டு தனியே தங்க அனுமதி தரும் ஏற்பாடு 2018 முதல் இருக்கிறது; இது நல்ல விஷயம். ஆனால் அதற்கும் அவர்தான் விண்ணப்பிக்க வேண்டும். அந்த நாட்களில் அவர் இத்தாவில் இருப்பார். நான்கு மாதம் பத்து நாள் வீட்டில் இருக்க வேண்டிய பெண்ணை நீதிமன்றமும் வங்கியும் குடியேற்ற அலுவலகமும் அழைக்கும். தேவைக்காக வெளியே போவதற்கு மார்க்கத்தில் இடமுண்டா, எந்த அளவு என்பதை ஆலிம்கள் சொல்வார்கள். நாங்கள் சொல்வது, அந்த அலைச்சலில் பாதியை முன்னாலேயே குறைத்துவிடலாம் என்பது.

மலேசியாவில் வீடு கணவர் பெயரில் இருந்து அவர் இறந்தால், முஸ்லிமின் சொத்து ஷரீஅத் நீதிமன்றத்தின் ஃபராயிள் சான்றின்படி பிரியும். பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று. மீதி ஏழு பங்கு பிள்ளைகளுக்கும், இறந்தவரின் தாய் தந்தை இருந்தால் அவர்களுக்கும். மார்க்கம் வகுத்த பங்கில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அந்தத் தாய் குடியிருப்பது அதே வீட்டில். பிள்ளைகளில் ஒருவன் அமெரிக்காவில் இருந்துகொண்டு "என் பங்கைக் கொடுங்கள்" என்றால், பத்தாண்டுக்கு விற்க முடியாத வீட்டை என்ன செய்வது? வஸிய்யத் மூன்றில் ஒன்றைத் தாண்டக்கூடாது. அதுவும் மற்ற வாரிசுகள் சம்மதிக்காமல் ஒரு வாரிசுக்கு எழுத முடியாது. ஆகவே வாங்கும்போதே யார் பெயரில் என்பதை யோசியுங்கள். இருவர் பெயரிலும் வாங்கலாமா, அவர் பங்குக்கு அவர் பணம், அவர் நகை போகிறதா, ஹிபாவாகக் கொடுத்தால் முறைப்படி ஒப்படைத்தாகிவிட்டதா என்று ஓர் ஆலிமும் ஒரு வழக்கறிஞரும் பார்க்கட்டும். முதன்மை விண்ணப்பதாரர் இறந்தால் மனைவி எந்த நிபந்தனையில் தொடரலாம் என்பதை விண்ணப்பிக்கும் முன்பே எழுத்தில் கேளுங்கள். வயது குறைந்த மனைவி பெயரிலேயே விண்ணப்பிக்க முடியுமா என்றும் பாருங்கள். "பொம்பளை பேர்ல எதுக்கு" என்ற பேச்சை இந்த ஒரு விஷயத்திலாவது விட்டுவிடுவோம்.

காகிதம் என்றதும் இன்னொன்று. 1980-களில் நிக்காஹ் ஆன தம்பதியரில் பலரிடம் இருப்பது ஜமாஅத்தின் நிக்காஹ் தஃப்தர் நகல் மட்டும். அதில் மனைவி பெயர் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் வேறு மாதிரி, ஆதாரில் மூன்றாவது மாதிரி. வெளிநாட்டு அலுவலகத்தில் திருமணச் சான்று கேட்பார்கள். வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பமும் அந்நாட்டுத் தூதரகத்தின் சான்றொப்பமும் கேட்பார்கள். நம் மாநிலத்தில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம். பழைய திருமணங்களைப் பதிய நம் அலுவலகத்தில் உதவுகிறோம். இருவரும் உயிரோடு, ஆரோக்கியமாக இருக்கும்போது இது ஒரு சிறு வேலை. ஒருவர் போன பிறகு, நாற்பது வருடம் வாழ்ந்தவர் "நான்தான் மனைவி" என்று நிரூபிக்க அலைவதைப் பார்க்கச் சகிக்காது.

மையவாடியைப் பற்றியும் முடிவு செய்துகொள்ளுங்கள். எங்கே மவுத்தோ அங்கேயே சீக்கிரம் அடக்குவதுதான் சுன்னத்துக்கு நெருக்கம் என்று நம் உலமாக்கள் சொல்கிறார்கள். ஊருக்குக் கொண்டுவருவதானால் இறப்புச் சான்று, போலீஸ் அனுமதி, தூதரகத்தில் பாஸ்போர்ட் ரத்து, உடலைப் பதப்படுத்துதல் என்று நாட்கள் போகும். வசதியில்லாத இந்தியர்களுக்கு இதில் உதவத் தூதரகங்களில் இந்தியச் சமூக நல நிதி 2009 முதல் இருக்கிறது. மலேசியாவில் பள்ளிவாசல்தோறும் 'கைராத் கெமாத்தியான்' என்று ஒரு நிதி நடக்கும். ஆண்டுக்குச் சிறு தொகை கட்டிய குடும்பத்தில் ஜனாஸா நேர்ந்தால் கஃபன் முதல் கபர் வரை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். வெளிநாட்டவரைச் சேர்ப்பார்களா என்பது அந்தந்தப் பள்ளி நிர்வாகத்தைப் பொறுத்தது. வீடு பார்க்கப் போகும்போதே பள்ளியில் போய்க் கேட்டுவிடுங்கள். "என்னை எங்கே அடக்க வேண்டும்" என்பதைப் பிள்ளைகளிடம் வாயால் சொல்லி, ஒரு தாளிலும் எழுதி வையுங்கள். உங்கள் ஜனாஸாவை வைத்துக்கொண்டு அண்ணன் தம்பி போனில் சண்டை போட வேண்டாம்.

ஊர் வீட்டை விற்றுவிட்டுப் போகலாமா என்று கேட்கிறவர்களுக்கு எங்கள் பதில் ஒன்றுதான்: வேண்டாம். வாடகைக்கு விடுங்கள், பூட்டியாவது வையுங்கள். விவசாய நிலம் இருந்தால் வெளிநாட்டில் வசிப்பவராக மாறினாலும் அதை வைத்துக்கொள்ளலாம். விற்றுவிட்டால் வெளிநாட்டில் இருக்கும்வரை புதிதாக விவசாய நிலம் வாங்க முடியாது. மேலே சொன்ன எந்த அனுமதியும் ஒரு நாள் நின்று போகலாம். அன்று திரும்பி வரும் தாய்க்குச் சாவி போட்டுத் திறக்க ஒரு கதவு வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன் போய் இருந்து பாருங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு மலேசியாவில் 30 நாள் விசா இல்லாமல் நுழையும் சலுகை 2023 டிசம்பரில் தொடங்கி 2026 முடிய நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அமீரகத்துக்கு 30 நாள், 60 நாள் வருகை விசா எளிதாகக் கிடைக்கிறது. ஆனால் டிசம்பரில் போய் துபாயைப் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள், ஜூலையில் போங்கள். மலேசியாவுக்கு அடைமழை மாதத்தில் போங்கள். ஓட்டலில் தங்காமல் பிள்ளை வீட்டிலோ வாடகை வீட்டிலோ தங்குங்கள். மீன் வாங்கிச் சமையுங்கள், பஸ்ஸில் ஏறுங்கள், ஒரு நாள் டாக்டரிடம் போய் பிரஷர் பாருங்கள், பில் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும் வழியில் மனைவியிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு அவர் பதில் சொல்லும்வரை நீங்கள் பேசாமல் இருங்கள்.

நேரம் அஸரை நெருங்குகிறது. திருமணப் பதிவுக்கும் சான்றொப்பத்துக்கும் வேண்டிய காகிதங்களின் பட்டியல் வாசலில் இருக்கிறது, ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். கேள்விகளுக்கு இப்போது வருவோம். பெண்கள் பகுதியிலிருந்து நான்கு சீட்டுகள் வந்திருக்கின்றன. அவற்றை முதலில் எடுத்துக்கொள்கிறோம். ஆண்கள் கொஞ்சம் பொறுங்கள்.